பசை வாங்கப் போனவர்

பசை வாங்கத்தான் போனார். வீட்டில் அப்படித்தான் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அது பொய்யும் இல்லை, பசை உண்மையாகவே தீர்ந்துபோயிருந்தது. சாயங்காலம் திரும்பியபோது கையில் பசையைக் காணோம். கோட்டுக்குள், கக்கத்துக்குக் கீழே, நீளவாட்டில் ஏதோ ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. உடம்பைத் திருப்பாமல் பக்கவாட்டாகவே மாடிப்படி ஏறினார். சமையலறையில் இருந்த மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்: "இன்ஜினா, வேகனா?"

"வேகன்தான்" என்று மாடியிலிருந்து பதில் வந்தது. இன்ஜின்.

இங்கிலாந்தில் இவர் இல்லாத ஊர் கிடையாது. குளிர்காலத்துச் சனிக்கிழமைகளில் ஏதாவது ஒரு சர்ச் கூடத்திலோ பள்ளிக்கூடத்திலோ மாடல் ரயில் கண்காட்சி நடக்கும். வாசலில் நுழைவுக் கட்டணம், மூலையில் டீயும் கேக்கும், நடுவில் மேஜை மேஜையாக ஓடும் குட்டி ரயில்கள், சுவரோரமாகப் புதுச் சரக்கும் பழைய சரக்கும் விற்கும் கடைகள். ரயில் பார்க்க வந்தவர்கள் நடுவில் நிற்பார்கள். நம்மவர் சுவரோரம் நிற்பார்.

இவர் மாடியறையில் அமைத்துக்கொண்டிருப்பது (பல வருடமாக 'அமைத்துக்கொண்டிருக்கிறேன்' என்றுதான் சொல்லி வருகிறார்) கார்ன்வால் பக்கத்தில் 1935-ஆம் ஆண்டு இருந்திருக்கக்கூடிய, ஆனால் இல்லாத, ஒரு கிளைப்பாதையின் கடைசி ஸ்டேஷன். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயைச் சேர்ந்தது. எட்டடிக்கு இரண்டடிப் பலகை. ஒரு பிளாட்பாரம், ஒரு சரக்குக் கொட்டகை, பால் ஏற்ற ஓரிடம். அந்தக் காலத்தில் உண்மையான கிளைப்பாதைகளில் பல, ஒரே ஒரு இன்ஜினை வைத்துக்கொண்டு நாள் முழுக்க வண்டியை முன்னும் பின்னும் ஓட்டிப் பிழைத்தன. அந்தக் கணக்குப்படி இவருக்குத் தேவை ஒரு சின்ன இன்ஜின், இரண்டு பெட்டி, அரை டஜன் வேகன். ஆசைக்கு இன்னொரு இன்ஜின் சேர்த்துக்கொண்டாலும் ஒரு ஷூ டப்பாவில் எல்லாம் அடங்கிவிடும். பலகையில் இன்றுவரை தண்டவாளம் பாதிதான் பதிந்திருக்கிறது. பலகைக்கு அடியில், கட்டிலுக்கு அடியில், அலமாரிக்கு மேலே என்று அடுக்கியிருக்கும் டப்பாக்களில் இன்ஜின்கள் மட்டும் நாற்பதுக்குக் குறையாது.

ஆனால் ஒன்று. காரணம் இல்லாமல் இவர் எதையும் வாங்கமாட்டார். வாங்கிய பிறகுதான் காரணம் கிடைக்கும் என்பது வேறு விஷயம்.

காரணம் தேடுவதில்தான் மனிதர் மன்னன். கிரேட் வெஸ்டர்னின் 5700 வகை இன்ஜினை எடுத்துக்கொள்வோம். இரு பக்கமும் தண்ணீர்த் தொட்டி தொங்க, குட்டையாய், குண்டாய், கிளைப்பாதைக்கென்றே பிறந்ததுபோல் இருக்கும். இவரிடம் ஒன்று இருப்பது நியாயம். ஐந்து இருக்கின்றன. "1929-இலிருந்து 1950 வரைக்கும் 863 இன்ஜின் கட்டினார்கள், என்னிடம் ஐந்துதானே" என்பது முதல் வாதம். ஐந்தில் மூன்று பச்சை, எண் மட்டும் வேறு. நான்காவது கறுப்பு. 1948-இல் ரயில்வே தேசியமயமான பிறகு பூசிய வண்ணம் அது; 1935-இல் நிற்கும் ஸ்டேஷனுக்கு அது எப்படி வந்தது என்று கேட்டால், சில நாள் ஸ்டேஷன் 1950-இல் இருக்கும் என்பார். ஐந்தாவது சிவப்பு. இந்த வகையில் 13 இன்ஜின்களை 1956-இலிருந்து லண்டன் டிரான்ஸ்போர்ட் வாங்கிச் சிவப்படித்து, சுரங்க ரயில் பாதைகளின் பராமரிப்பு வேலைக்கு வைத்திருந்தது. கார்ன்வாலில் அதற்கு என்ன வேலை? கொஞ்சம் யோசித்தார். "ரிப்பேருக்கு வந்திருக்கிறது."

அடுத்தது மல்லார்ட். 1938 ஜூலை 3 அன்று மணிக்கு 203 கிலோமீட்டர் ஓடி, நீராவி இன்ஜின்களில் உலக சாதனை படைத்த அதே நீல நிற மல்லார்ட். அது லண்டனிலிருந்து வடக்கே ஸ்காட்லாந்து நோக்கி ஓடிய கம்பெனியின் இன்ஜின். கார்ன்வால் நாட்டின் தென்மேற்கு மூலை. வேறு யாராவது இந்த இரண்டையும் ஒரே பலகையில் வைத்திருந்தால் நம்மவர் சிரித்தே கொன்றுவிடுவார். தானே வாங்கிவிட்ட அன்று இரவு முழுக்கப் புத்தகங்களைப் புரட்டினார். விடிவதற்குள் கிடைத்துவிட்டது: 1948-இல் பிரிட்டிஷ் ரயில்வே, எந்தப் பழைய கம்பெனியின் இன்ஜின் உசத்தி என்று பார்க்க, ஒருவர் பாதையில் இன்னொருவர் இன்ஜினை ஓட்டிப் பரிசோதித்தது. அதில் மல்லார்டின் வகை இன்ஜின்கள் மேற்கேயும் தெற்கேயும் வந்து போயின. மல்லார்டே வாட்டர்லூவிலிருந்து எக்ஸிட்டருக்கு ஓடும் பாதையில் இறங்கி, அங்கே பழுதாகி நின்றது. எக்ஸிட்டர் வரை வர இருந்தது இன்னும் கொஞ்சம் தள்ளி வராதா? காலை உணவின்போது மனைவியிடம் இதை விளக்கினார். மனைவி ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேனுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. 1963-இல் பணி ஓய்வு பெற்ற அந்த இன்ஜினை ஒரு தனியார் விலைக்கு வாங்கிக் காப்பாற்றினார். அப்புறம் அது அமெரிக்காவுக்குப் போனது, 1988-இல் ஆஸ்திரேலியாவுக்கே போனது. "ஆஸ்திரேலியாவுக்குப் போனது கார்ன்வாலுக்கு வராதா?" இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு அதை மூன்று தடவை வாங்கியிருக்கிறார்: ஒன்று ஆப்பிள் பச்சை, ஒன்று கரும்பச்சை, ஒன்று சத்தம் போடும் சிப் பொருத்தியது.

எல்லாவற்றுக்கும் சிகரம் 'கிங்' வகை இன்ஜின். கிரேட் வெஸ்டர்னின் ராட்சசன். எடை அதிகம் என்பதால் கார்ன்வாலுக்குள் நுழைய அதற்கு அனுமதியே கிடையாது. பிளிமத்தை அடுத்து டேமர் ஆற்றின் மேல் புரூனல் கட்டி 1859-இல் திறந்த ராயல் ஆல்பர்ட் பாலத்தை அது தாண்டக் கூடாது. இது இவருக்குத் தெரியாததல்ல. கண்காட்சியில் யாரோ ஒருவருடைய கார்ன்வால் ஸ்டேஷனில் கிங் நின்றதைப் பார்த்து, அந்தப் பாவப்பட்ட மனிதருக்கு இதே பாலத்தைப் பற்றி அரைமணி நேரம் பாடம் எடுத்தவர் இவர்தான். இப்போது இவர் வீட்டிலேயே கிங் இருக்கிறது. காரணம்? "பாலத்தைப் பலப்படுத்திவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம்." நாற்பது வருடம் சரித்திரம் படித்த மனிதர் ஒரு டப்பாவுக்காக ஆற்றுப் பாலத்தையே மாற்றிக் கட்டிவிட்டார். அந்த கிங்கும் ஆறு பெட்டிகளும் சேர்ந்தால் ஐந்தரை அடிக்கு மேல் வரும். பிளாட்பாரம் இரண்டடி.

பக்கத்து வீட்டில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் இருக்கிறார். அவரையும் இதில் இழுத்துவிட்டார். ஒருநாள் வேலி ஓரமாக நின்று, ஊட்டி மலை ரயிலைப் பற்றி மிக அன்பாக விசாரித்தார்: பல்சக்கரம் எப்படி இருக்கும், மேட்டுப்பாளையத்தில் இன்ஜினை எந்தப் பக்கம் மாட்டுவார்கள் என்றெல்லாம். கோயம்புத்தூர்க்காரருக்கு ஊர்ப் பெருமை தாங்கவில்லை. சின்ன வயதில் வண்டியிலிருந்து இறங்கி நடந்து மறுபடி ஏறிய கதை வரைக்கும் சொன்னார். மறுவாரம் தெரிந்தது விஷயம். அந்த மலை ரயிலின் பழைய எக்ஸ் வகை நீராவி இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தில் வின்டர்டூர் என்ற ஊரில் செய்யப்பட்டவை. கொட்ஹார்ட் மலைப்பாதைக்காக 1919-இலிருந்து கட்டிய, 'முதலை' என்று பேர்பெற்ற பழைய சுவிஸ் மின்சார இன்ஜினின் இயந்திரப் பகுதியும் அதே வின்டர்டூர் தொழிற்சாலையில் செய்ததுதான். மாடியறையில் பச்சை நிறத்தில், நீண்ட மூக்கோடு, மார்க்லின் கம்பெனியின் முதலை ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. யாராவது கேட்டால், "பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்கு ஒரு மரியாதை" என்கிறார். கோயம்புத்தூர்க்காரரின் மனைவிக்கு இந்தச் சுவிஸ் உறவு இன்னும் பிடிபடவில்லை.

அந்த முதலை அவர் தண்டவாளத்தில் ஓடாது. பிரிட்டன்காரர்கள் ஓட்டுவது 1:76 அளவு, ஐரோப்பாக்காரர்கள் ஓட்டுவது 1:87. தண்டவாள அகலம் இரண்டுக்கும் 16.5 மில்லிமீட்டர்தான் என்றாலும், மார்க்லின் மின்சாரத்தை நடுவில் வரிசையாக வைத்த புள்ளிகள் வழியாக எடுக்கும். இவருடைய தண்டவாளத்தில் அந்த நடுப்புள்ளி கிடையாது. இரண்டு கம்பியில் ஓடும் வகை அதே கம்பெனியில் ட்ரிக்ஸ் என்ற பேரில் கிடைக்கிறது என்பதும் இவருக்குத் தெரியும். ஆனால் அன்று கடையில் இருந்தது மார்க்லின். ஆகவே முதலைக்கென்று தனியாக ஒரு வட்டம் தண்டவாளம் வாங்கினார். அந்தத் தண்டவாளத்துக்குத் தனியாக ஒரு டிரான்ஸ்ஃபார்மர். வட்டத்தைப் போட இடமில்லாததால் அதுவும் கட்டிலுக்கு அடியில் போயிற்று.

காரணமே கிடைக்காத நாளும் உண்டு. அதற்கு இந்தக் கூட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. முதல் விதி என்றே அதற்குப் பெயர்: என் ரயில், என் இஷ்டம். மற்ற விதிகள் என்னென்ன என்று யாருக்கும் தெரியாது. முதல் விதியைத் தாண்டிப் போக வேண்டிய தேவை யாருக்கும் வந்ததில்லை.

நியாயமாகச் சொன்னால், மாடல் செய்யும் கம்பெனிக்காரர்களும் இவரைச் சும்மா இருக்க விடுவதில்லை. ஹார்ன்பி 1990-களிலேயே தயாரிப்பைச் சீனாவுக்குக் கொண்டுபோய்விட்டது, மற்றவர்களும் அப்படித்தான். ஒரு இன்ஜினை ஒரு தவணை செய்து கப்பலேற்றினால் அடுத்த தவணை எப்போது வரும் என்று உறுதி கிடையாது. 'இப்போது விட்டால் கிடைக்காது' என்று இவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கத்தான் செய்கிறது. கூடவே முன்பதிவு என்ற ஒன்று. வரப்போகும் இன்ஜினின் படத்தை மட்டும் காட்டிப் பெயரெழுதி வாங்குவார்கள். பெரும்பாலும் முன்பணம் இல்லை. பணம் போகாததால் அது செலவு ஆகாது என்பது இவர் கணக்கு. இரண்டு வருடம் கழித்துச் சாமான் வந்து இருநூறு பவுண்டுக்கு மேல் கழியும்போது, அது எப்போதோ எடுத்த முடிவு, ஆகவே அதுவும் இன்றைய செலவில் சேராது. இன்ஜின் வீட்டுக்கு வந்துவிடும். வாங்கிய நாள் என்று ஒன்று மட்டும் இருக்காது.

லிவர்பூலில் 1946-இல் தொடங்கிய ஹாட்டன்ஸ் என்ற பழைய மாடல் ரயில் கடை, மூடப்போவதாக 2024 ஜனவரியில் அறிவித்தது. கேள்விப்பட்டு நம்மவருக்குக் கண் கலங்கிவிட்டது. சின்ன வயதில் விலைப்பட்டியலைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கிய கடை. துக்கம் விசாரிக்காமல் இருக்க முடியுமா? மூன்று இன்ஜின் வாங்கித் துக்கம் விசாரித்தார்.

பட்டுப்புடவை எடுத்தால் அதற்கு ஏற்ற ரவிக்கை, பாவாடை, வளையல் என்று பின்னாலேயே வருமல்லவா, அதேதான் இங்கேயும்: இன்ஜின் வந்தால் அதன் வண்ணத்துக்கும் காலத்துக்கும் ஏற்ற பெட்டிகள் வேண்டும், பெட்டிக்கு உள்விளக்கு வேண்டும், விளக்கு எரிந்தால் உள்ளே ஆள் உட்கார வேண்டும். வேகன் சமாச்சாரம் இன்னும் மோசம். முன்பு பிரிட்டனில் நிலக்கரி வேகன்கள் பெரும்பாலும் ரயில்வேக்குச் சொந்தமில்லை. சுரங்க முதலாளிகளும் கரி வியாபாரிகளும் சொந்தமாக வைத்துக்கொண்டு, தங்கள் பேரைக் கொட்டை எழுத்தில் எழுதி ஓடவிட்டார்கள். 1939-இல் யுத்தம் மூண்டு அரசாங்கம் அவற்றைத் தன் பொறுப்பில் எடுத்தபோது ஐந்து லட்சத்துக்கு மேல் இருந்தன. அதனால் மாடல் செய்கிறவனுக்கு அச்சு ஒன்று போதும். பேரை மாற்றி மாற்றி அச்சடித்துக் காலம் முழுக்க விற்கலாம். ஒவ்வொரு கண்காட்சியிலும் புதிதாக ஒரு கரி வியாபாரி கிடைப்பான். 'ஒரு வேகன்தானே' என்பார். அந்த ஊருக்கு ஒருதடவை மழைக்கு ஒதுங்கிய ஞாபகம் இருக்கும், அதுவே போதும்.

பாட்டுக்காரர் ராட் ஸ்டீவர்ட் பேரை இவரிடம் எடுக்காமல் இருப்பது நல்லது. எடுத்தால் விடமாட்டார். ராட் ஸ்டீவர்ட் 1940-களின் அமெரிக்க நகரம் ஒன்றை இருபது வருடத்துக்கு மேல் உழைத்து அமைத்தார். கச்சேரிக்கு ஊர் ஊராகப் போகும்போதுகூட ஓட்டலில் தனியறை எடுத்து, கட்டடம் ஒட்டிக்கொண்டிருந்தார். 2019-இல் 'ரயில்வே மாடலர்' பத்திரிகை அதை வெளியிட்டது. வேலையாட்களை வைத்துச் செய்திருப்பார் என்று வானொலியில் பேச்சு வந்ததும், தானே போன் போட்டு, பெரும்பகுதி என் கையால் செய்தது என்று சொன்னார். "பார்த்தாயா, அவ்வளவு பெரிய மனிதரே" என்று நம்மவர் ஆரம்பித்தபோது மனைவி ஒரே வரியில் முடித்தார்: "அவர் கட்டினார்."

இவர் கட்டவே மாட்டார் என்றும் சொல்லிவிட முடியாது. எப்போதாவது கோயம்புத்தூர்க்காரரின் மகள் மாடிக்கு வந்தால், குப்பையை ஒதுக்கிவிட்டு, பதிந்திருக்கிற பாதித் தண்டவாளத்தில் அந்தக் குண்டு இன்ஜினை மெதுவாக ஓட்டிக் காட்டுவார். கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குத் தாழ்த்தி முட்டி போட்டு உட்கார்ந்துகொள்வார். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் சுவர் தெரியாது, டப்பாக்கள் தெரியாது. ஸ்டேஷன் தெரியும், பால் கேன்கள் தெரியும், வண்டி வருவது தெரியும். அந்தப் பத்து நிமிஷத்துக்கு மனிதர் எதையும் வாங்க நினைப்பதில்லை. குழந்தைக்கு எது என்ன வகை என்று சொல்லக்கூட மறந்துவிடுகிறார்.

ஆனால் விலை விஷயத்தில் மன்னிப்பே கிடையாது. இந்தக் கூட்டத்தில் உலவும் பழைய ஜோக் ஒன்று உண்டு: நான் செத்தபிறகு என் மனைவி, நான் அவளிடம் சொன்ன விலைக்கே இதையெல்லாம் விற்றுவிடுவாளோ என்பதுதான் என் பயம். கண்காட்சி டீ மேஜையில் இதை யாராவது சொல்வார்கள், எல்லோரும் சிரிப்பார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. இருநூறு பவுண்டு இன்ஜினை முப்பது பவுண்டு என்று சொல்லி வைத்துவிட்டுப் போனால், அந்தப் பெண்மணி அதை நம்பி முப்பது பவுண்டுக்குத்தான் கொடுப்பார். வாங்குகிறவன் வாயைத் திறக்கமாட்டான். எந்தக் கம்பெனி, எந்த வருடம், எதற்கு எது ஜோடி என்று எழுதி வைக்கவில்லை. டப்பா ஒரு பக்கம், உள்ளே இருந்தது வேறு பக்கம். கணவர் போன மாதத்தில் ஒரு மனுஷி மாடிக்கும் கீழுக்கும் இருநூறு டப்பாவைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். சுவரோரக் கடைகளுக்குப் பழைய சரக்கு எங்கிருந்து வருகிறது என்று நம்மவருக்கு நன்றாகத் தெரியும். டப்பாவைத் திறந்தாலே தெரியும். ஒருதடவைகூடத் தண்டவாளத்தைத் தொடாத சக்கரம் பளபளவென்று இருக்கும். அதைப் பார்த்தும் அவருக்குத் தோன்றுவது, 'அடடா, ஓடாத சரக்கு, விலையும் பாதி' என்பதுதான்.

விருந்தாளிகளுக்கென்று இருந்ததுதான் அந்த மாடியறை. இப்போது பெண்ணும் மாப்பிள்ளையும் வந்தால் கூடத்து சோபாவில் படுக்கிறார்கள்.

பார்சல் சமாச்சாரத்தையும் சொல்லியாக வேண்டும். வீட்டு முகவரிக்குத் தபால் வந்தால் மனைவி கண்ணில் படும் என்று, பக்கத்து வீட்டு முகவரியைக் கொடுக்கிறார். கோயம்புத்தூர்க்காரர் மறுக்கத் தெரியாத மனிதர். அவர் வீட்டு நடைவழியில் செருப்பு விடும் இடத்தில் இப்போது பழுப்பு நிறப் பெட்டிகள் இருக்கின்றன. இருட்டிய பிறகு நம்மவர் குப்பைத் தொட்டியைத் தள்ளுகிற பாவனையில் வந்து வாங்கிப் போகிறார். இதெல்லாம் அவர் மனைவிக்குத் தெரியும். பார்சல் வந்த அன்று சாயங்காலம், பாவம், இடத்தை அடைத்துக்கொண்டிருக்குமே என்று கேக் செய்து கொடுத்தனுப்புகிறார். கேக் வந்தால் பார்சலின் விலை அதிகம் என்று கோயம்புத்தூர்க்காரர் வீட்டில் புரிந்துகொள்கிறார்கள்.

போன வருடம் மகள் பிடிவாதமாக உட்கார்ந்து, "அப்பா, ஒரு பட்டியல் போடுங்கள்" என்று கம்ப்யூட்டரில் கட்டம் போட்டுக் கொடுத்தாள். கம்பெனி, வகை, எண், வண்ணம், வாங்கிய விலை. முதல் நான்கு கட்டங்களை ஆசையாக நிரப்பினார். ஐந்தாவதை, "அப்புறம் யோசித்துப் போடுகிறேன்" என்று காலியாக விட்டார். படம் இல்லாமல் பட்டியல் எதற்கு என்று, படமெடுக்க விளக்குப் பெட்டி ஒன்று வாங்கினார். வேலை மும்முரமாக நடந்து நான்காவது நாள், கட்டிலுக்கு அடியில் இருந்த டப்பாவும் அலமாரிக்கு மேல் இருந்த டப்பாவும் ஒன்றே என்று தெரியவந்தது. அதே கம்பெனி, அதே பச்சை, அதே எண். ஒரே இன்ஜினை இரண்டு தடவை வாங்கியிருக்கிறார், இரண்டு தடவையும் காரணத்தோடு. ஒன்றை விற்றுவிடலாமே என்றாள் மகள். ஒரே எண்ணில் இரண்டு இன்ஜின் ஓடினால்தானே தப்பு, ஒன்றுக்கு எண்ணை மாற்றிவிட்டால் ஆயிற்று என்றார் அவர். அதற்கென்று பித்தளையில் அரித்துச் செய்த எண்பலகைகள் கிடைக்கின்றன. தனியாக ஒரே ஒரு ஜோடிக்குத் தபால் செலவு கட்டுப்படியாகாது என்பதால், எட்டு ஜோடியாக ஆர்டர் போட்டிருக்கிறார். மீதி ஏழுக்கு இனிமேல்தான் இன்ஜின் பார்க்க வேண்டும்.